ப்ளோயர் ஓடியும் ஏரேஷன் டேங்க் மூலையில் சேறு தங்குவது ஏன்?

ராணிப்பேட்டையில் தோல் கழிவுநீருக்குக் காற்றூட்டும் டேங்க், காற்றடிக்கும் ப்ளோயரில் குறையில்லை, ஒரு மூலையில் மட்டும் சேறு என்கிறீர்கள். அடியில் காற்றைக் குமிழாக விடும் டிஃப்யூசர்களைப் பாருங்கள். ஒன்று 5 செ.மீ. உயர்ந்திருந்தாலே அதன்மேல் நீரழுத்தம் குறையும். காற்று அதன் வழியாகவே அதிகம் போகும், பள்ளத்தில் இருப்பதற்குப் போதாது. குமிழ் ஏறுமிடத்தில் நீரும் ஏறும், குமிழில்லாத மூலையில் இறங்கிச் சேற்றை விட்டுவிடும். டியூப் லெவல் (நீர் நிரப்பிய குழாய் மட்டம்) பிடித்து எல்லாவற்றையும் 1 செ.மீ.க்குள் சமமாக்குங்கள்.

அடுத்தது சுண்ணாம்பு. சுண்ணாம்பில் தோல் ஊறிய நீரிலிருந்து டிஃப்யூசரின் ரப்பர் சவ்வுத் துளைகளில் கால்சியம் கார்பனேட் படியும். ப்ளோயர் பிரஷர் நாளுக்கு நாள் ஏறினால் இதுதான் என்று சந்தேகப்படலாம். டிஃப்யூசரை வெளியே எடுத்து, நன்றாகக் கழுவிய பிறகே படிவைக் கரைக்க ஆசிட் போடுங்கள். டேங்குக்குள் ஊற்றவே கூடாது: சேற்றிலுள்ள சல்பைடில் ஆசிட் பட்டால் ஆளைக் கொல்லும் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும்.