கடல்நீரில் கரைந்த ஈயத்தையும் காட்மியத்தையும் நுண்பாசி எப்படிப் பிரித்தெடுக்கிறது?

நுண்பாசி என்பது பெரும்பாலும் ஒரே செல்லால் ஆன, தனியாகக் கண்ணுக்குத் தெரியாத பாசி. அதன் செல் சுவரில் எதிர்மின்னூட்டம் அதிகம். நீரில் கரைந்த ஈயத்திலும் காட்மியத்திலும் நேர்மின்னூட்டத்தோடு திரிபவை அங்கே ஒட்டிக்கொள்கின்றன. கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பில் நடந்துவிட்டு வந்தால் வேட்டி ஓரமெல்லாம் ஒட்டுப்புல் ஏறியிருக்குமே, அப்படி. இதற்குப் பாசிக்கு உயிர்கூட வேண்டாம்; காய்ந்த தூளும் பிடிக்கும்! உயிருள்ளது கொஞ்சத்தை உள்ளேயும் இழுத்து வைக்கும்.

சரி, கடலில் என்ன சிக்கல்? லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதிலுள்ள சோடியம், கால்சியம், மக்னீசியம் எல்லாம் அதே இடத்துக்கு முண்டியடிப்பதால், நன்னீரைவிடப் பிடிப்பு குறைவு.

பாசி உலோகத்தைத் தின்று அழித்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அழிவதில்லை, இடம்தான் மாறுகிறது, வடித்தெடுக்காமல் விட்டால் மீன் வழியாக நம் குழம்புச் சட்டிக்கே வரலாம்.