‘பாதிக்குப் பாதி’ என்று எழுதினால் போதுமா? பில்டருடன் போடும் ஒப்பந்தத்தில் பங்கு வரையறை

கேள்வி: சென்னையில் எங்கள் பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட ஒரு பில்டர் முன்வந்திருக்கிறார். 50:50 என்று பேசி முடித்துவிட்டோம். ஒப்பந்த வரைவில் ‘உரிமையாளர் ஒதுக்கீடு’, ‘பில்டர் ஒதுக்கீடு’ என்று இரண்டு வரையறைகள் நீளமாக இருக்கின்றன. அவற்றில் கவனிக்க என்ன இருக்கிறது?

பதில்:

விகிதத்தைப் பேசி முடித்துவிட்டீர்கள். எதில் பாதி, எந்த அளவையில் பாதி, எந்தத் தேதியில் கணக்கிடப்படும் பாதி என்பதையெல்லாம் அந்த இரண்டு வரையறைகள்தான் முடிவுசெய்யும். ஆகவே, கட்டடத்தின் முகப்பு எப்படி இருக்கும் என்று பில்டர் காட்டும் வண்ணப் படங்களுக்குக் கொடுக்கும் நேரத்தை விடவும் அதிக நேரத்தை அந்த இரண்டு பத்திகளுக்குக் கொடுங்கள்.

நான் வழக்கறிஞர் அல்லன். வங்கியின் வீட்டுக் கடன் பிரிவில் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன். இத்தகைய பத்திரங்களைப் படிப்பதே என் வேலையாக இருந்தது. பில்டர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்வதாகவும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தன் நலனைக் காத்துக்கொள்ளும்படி ஒருவர் வரைவு எழுதுவதில் தவறில்லை; எதிர்த்தரப்பு அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

ஓய்வுபெற்ற பிறகு எங்கள் வீட்டுக்கே இந்த வேலை வந்தது. தென்சென்னையில் நாற்பது அடிச் சாலையை ஒட்டி, அம்மாவின் பெயரில் இரண்டு கிரவுண்டு நிலமும் அதில் ஓர் ஓட்டு வீடும் இருந்தன. அண்ணனுக்குத் தெரிந்த பில்டர் ஒருவர் பாதிக்குப் பாதி தருவதாகச் சொன்னார். வந்த வரைவைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி இருந்தது: ‘உரிமையாளர் ஒதுக்கீடு என்பது, இந்த ஒப்பந்தத் தேதியில் நடைமுறையிலுள்ள விதிகளின்படி அனுமதிக்கத்தக்க சாதாரணத் தளப்பரப்பில் 50 விழுக்காடு.’ அதற்கு அடுத்த பத்தி: ‘பில்டர் ஒதுக்கீடு என்பது, உரிமையாளர் ஒதுக்கீடு நீங்கலாக அந்த இடத்தில் கட்டப்படும் பரப்பில் எஞ்சிய அனைத்தும், மொட்டை மாடியும் எதிர்காலத்தில் கிடைக்கக்கூடிய கூடுதல் உரிமைகளும் உட்பட.’

அந்த இரண்டு பத்திகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒருவருக்கு அளவு குறித்த ஒரு பங்கு. மற்றவருக்கு ‘எஞ்சிய அனைத்தும்’. கட்டடம் எவ்வளவு வளர்ந்தாலும் வளர்ச்சி முழுவதும் இரண்டாமவருக்கே போகும். 50 விழுக்காடு என்று வாயால் பேசியது தாளில் வரும்போது 50 விழுக்காடாகவே எழுதப்பட்டிருந்தது. ஆனால் கையில் வருவது அதைவிடக் குறைவு.

எவ்வளவு குறைவு என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். 2019 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த மேம்பாடு மற்றும் கட்டட விதிகளின்படி, உயரக் கட்டடம் அல்லாத சாதாரண அடுக்குமாடிக்குத் தளப்பரப்புக் குறியீடு, அதாவது நிலப்பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் எஃப்.எஸ்.ஐ., 2.0. கிரவுண்டுக்கு 2400 சதுர அடி என்ற கணக்கில் எங்கள் நிலம் 4800 சதுர அடி. ஆகவே 9600 சதுர அடி கட்டலாம். இதற்கு மேல், அரசுக்குக் கட்டணம் செலுத்தி ‘பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.’ வாங்க முடியும். சாலை 12 மீட்டருக்குக் குறையாமலும் 18 மீட்டருக்கு உட்பட்டும் இருந்தால் 40 விழுக்காடு வரை கூடுதலாகக் கிடைக்கும். எங்கள் நாற்பது அடிச் சாலை 12 மீட்டருக்குச் சற்று மேல்; அதன்படி இன்னும் 3840 சதுர அடி சேர்ந்து மொத்தம் 13,440 ஆகிறது. உண்மையான பாதி 6720. வரைவின்படி எங்களுக்குக் கிடைப்பது, சாதாரணப் பரப்பான 9600 இல் மட்டும் பாதி, அதாவது 4800. இடைவெளி 1920 சதுர அடி, அதாவது இரண்டு படுக்கையறை கொண்ட இரண்டு வீடுகளுக்குச் சற்றே குறைவு.

இதை நான் எடுத்துச் சொன்னபோது பில்டர் மறைக்கவில்லை. பிரீமியம் கட்டணத்தைத் தானே செலுத்துவதாகவும், அதனால் அந்தப் பரப்பு தனக்கே உரியது என்றும் வாதிட்டார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதே சமயம், அந்தக் கூடுதல் பரப்பு எங்கள் நிலத்தின் மீதும் எங்கள் சாலையின் அகலத்தின் பேரிலும்தான் கிடைக்கிறது. கடைசியில், சாதாரணப் பரப்பில் பாதிக்குப் பாதி, பிரீமியம் பரப்பில் எங்களுக்கு 40, அவருக்கு 60 என்று முடித்தோம். ‘எஞ்சிய அனைத்தும்’ என்பதை அடித்துவிட்டு, பிற்காலத்தில் விதி மாறிக் கிடைக்கும் பரப்பு எதுவானாலும் இருவருக்கும் சமம் என்று எழுத வைத்தோம். விதி மாறும் என்பது வெறும் கற்பனை அன்று: 2019 வரை சாதாரணக் கட்டடங்களுக்கு 1.5 ஆக இருந்த குறியீடுதான் அந்த விதிகளால் 2.0 ஆனது.

இங்கே ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஒப்பந்தங்களை எழுதும் வழக்கறிஞரின் கட்டணத்தைப் பெரும்பாலும் பில்டரே கொடுக்கிறார்; நில உரிமையாளரும் அதைச் சலுகையாக நினைத்து மகிழ்கிறார். பணம் கொடுப்பவருக்குத்தான் அந்த வழக்கறிஞர் கடமைப்பட்டவர் என்பதை வீட்டில் எடுத்துச் சொன்னால், ‘நல்ல மனுஷன், கேட்டால் கோபித்துக்கொள்வார்’ என்று உறவினர்களே வாயை அடைக்கிறார்கள். கோடிக்கணக்கான ரூபாய் பெறும் நிலத்துக்குச் சில ஆயிரம் செலவழித்துத் தனி வழக்கறிஞரிடம் படித்துக் காட்டுவதை அவநம்பிக்கையாகப் பார்க்கும் வழக்கம் எப்போது ஒழியும் என்று தெரியவில்லை.

அடுத்து அளவை. உங்கள் வரைவில் ‘விற்பனைப் பரப்பு’, ‘கட்டுமானப் பரப்பு’, ‘கார்ப்பெட் ஏரியா’ ஆகியவை கலந்து வந்தால் உடனே நிறுத்திக் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்ப்பெட் ஏரியாவுக்கு மட்டும் தெளிவான வரையறை தருகிறது: வெளிச்சுவர், குழாய்கள் செல்லும் ஷாஃப்ட், அந்த வீட்டுக்கே உரிய பால்கனி, திறந்த மாடி ஆகியவை நீங்கலாகவும், உட்சுவர்கள் உட்படவும் உள்ள பயன்படு பரப்பு. படிக்கட்டும் லிஃப்டும் சேர்த்துக் கணக்கிடும் விற்பனைப் பரப்பு பில்டருக்குப் பில்டர் மாறும். இரு தரப்பு வீடுகளையும் ஒரே அளவையால் அளந்தால் எதை வைத்துக்கொண்டாலும் கேடில்லை. உங்கள் பங்கை விற்பனைப் பரப்பாலும் அவர் பங்கைத் தளப்பரப்பாலும் அளக்கும் வரைவுகளை நான் வங்கியில் பார்த்திருக்கிறேன்.

திட்ட அனுமதி வந்த பிறகு, எந்த மாடியில் எந்த எண்ணுள்ள வீடு யாருக்கு, எந்தக் கார் நிறுத்துமிடம் யாருக்கு என்று துணை ஒப்பந்தம் ஒன்று போட வேண்டும். வரைபடத்தில் இரண்டு நிறங்களில் குறித்து இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். வீடுகளை வெட்டிப் பங்கிட முடியாதாகையால் சில நூறு சதுர அடி ஒரு பக்கம் கூடும் அல்லது குறையும். அந்த வித்தியாசத்தைச் சதுர அடிக்கு என்ன விலையில் ஈடுசெய்வது என்பது முதல் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். பிறகு பேசினால் ஒருவர் வழிகாட்டி மதிப்பையும் மற்றவர் சந்தை விலையையும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

யூ.டி.எஸ். என்று எல்லோரும் சொல்லும், நிலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் சேரும் பிரிபடாத பாகமும் இந்தப் பங்கீட்டையே பின்பற்ற வேண்டும். பில்டருக்கு நீங்கள் எழுதித் தரும் பவர் பத்திரம், துணை ஒப்பந்தத்தில் அவருக்கு ஒதுக்கப்பட்ட வீடுகளுக்கான பாகத்தை விற்பதற்கு மட்டுமே செல்லும் என்று தெளிவாக எழுதுங்கள். எங்கள் வரைவில் முழு நிலத்துக்கும் பவர் கேட்டிருந்தார்கள். அதை அம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

‘இது கூட்டு முயற்சி, ஆகவே நீங்கள் நுகர்வோர் அல்ல, நுகர்வோர் மன்றத்துக்குப் போக முடியாது’ என்று யாராவது சொன்னால் அஞ்ச வேண்டாம். 2008 இல் ஃபகீர் சந்த் குலாட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தத்துக்கு இடும் தலைப்பைப் பார்க்காமல் அதன் நிபந்தனைகளைப் பார்க்க வேண்டும் என்றும், லாப நட்டத்திலும் நிர்வாகத்திலும் பங்கில்லாமல் கட்டிய பகுதியை மட்டும் பெறும் நில உரிமையாளர் நுகர்வோரே என்றும் தீர்ப்பளித்தது. இதன் மறுபக்கமும் உண்டு. உங்கள் பங்கு வீடுகளைக் கட்டி முடிப்பதற்கு முன்பே வெளியாருக்கு விற்றால், ரியல் எஸ்டேட் சட்டத்தின் கீழ் உங்களையும் விற்பனையாளராகக் கருதிப் பொறுப்பாக்க இடமிருக்கிறது.

வரியையும் அதே வரையறைதான் தீர்மானிக்கிறது. 2017 நிதிச் சட்டம் 1961 ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த 45(5ஏ) பிரிவு, தனிநபரும் இந்துக் கூட்டுக் குடும்பமும் பதிவுசெய்யப்பட்ட ஒப்பந்தத்தின் கீழ் நிலம் கொடுத்தால், மூலதன ஆதாய வரியை நிறைவுச் சான்றிதழ் வழங்கப்படும் ஆண்டுக்குத் தள்ளிவைத்தது. அந்தத் தேதியில் உங்கள் பங்குக்கு உள்ள முத்திரைத்தாள் மதிப்பும், ரொக்கம் ஏதேனும் வாங்கியிருந்தால் அதுவும் சேர்ந்து விற்பனைத் தொகையாகக் கொள்ளப்படும். சான்றிதழுக்கு முன்பே உங்கள் பங்கை விற்றால் இந்தச் சலுகை கிடையாது. புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருப்பதால், கையெழுத்துக்கு முன் ஒப்பந்த வரைவையே ஆடிட்டரிடம் கொடுத்துப் பாருங்கள். உங்கள் பங்கு வீடுகளுக்கான ஜி.எஸ்.டி.யை யார் ஏற்பது என்பதையும் அப்போதே கேட்டு, வரையறைப் பத்திக்குக் கீழேயே ஒரு வரியாக எழுத வையுங்கள்.