பர்த்டே கார்டுல கிஃப்டுக்கு கண்டிஷன் போட்டிருந்தா என்ன செய்ய? கேட்டதுக்கெல்லாம் பதில்

மார்த்தாண்டத்துல பேன்சி கடை வச்சிருக்கேன். வாட்ஸ்அப்ல வந்த பர்த்டே கார்டை அப்படியே போன்ல காட்டி "எக்கா, இதுக்கு என்ன வாங்கிட்டு போவ?"ன்னு கேக்கறவங்க இப்ப ரொம்ப கூடிப்போச்சு, அதான் கேள்வி இருந்தா போடுங்கன்னு சொன்னேன்.

கேள்வி (தக்கலை): அக்கா, எனக்க மவ கூட படிக்கிற பிள்ளைக்கு அஞ்சாவது பர்த்டே. பிளாஸ்டிக் வேண்டாம், துணி வேண்டாம், லிங்க்ல உள்ள லிஸ்ட்ல இருந்து மட்டும்தான் வாங்கணும்னு கார்டுல போட்டிருக்கு. அதுல கம்மி விலையே 1,400. நமக்கு 300-க்கு மேல முடியாது. போகாம இருந்துரட்டா?

பதில்: போகாம மட்டும் இருக்காதீங்க மக்ளே, உங்க பிள்ள போறது அந்தப் பிள்ள கூட விளையாடத்தான். முக்காவாசி பேரு லிஸ்ட் போடுறது ஒரே சாமான் நாலு வந்துரக்கூடாதுன்னு ஆக்கும், பர்த்டே முடிஞ்ச மறுநாள் ஒரே டாக்டர் செட்டு மூணு பெட்டிய தூக்கிட்டு மாத்த வருவாங்க, அதை நான் கடையில பாக்கறேன்ல. கிளாஸ்ல இன்னும் நாலு அம்மாமாரை சேத்துக்கிட்டு லிஸ்ட்ல ஒரு சாமான் வாங்குங்க, மேல எல்லா பிள்ளைங்க பேரையும் எழுதுங்க. அதுக்கும் ஆள் சேரலன்னா அந்த அம்மாவுக்கு தனியா ஒரு மெசேஜ் போடுங்க, "லிஸ்ட் பாத்தேன், எங்களுக்கு அது கட்டுப்படியாகாது, ஒரு கதை புக் கொண்டு வரட்டா"ன்னு. இப்படி நேரா கேட்டா யாரும் கோவப்படமாட்டாங்க. நேஷனல் புக் டிரஸ்ட் தமிழ்ல போடுற பிள்ளைங்க புக் நிறைய குறைஞ்ச விலைதான். கிளாஸ் குரூப்ல போட்டு அலச மட்டும் செய்யாதீங்க, ஸ்கிரீன்ஷாட் எப்படியும் அவங்க கைக்கு போயிரும்.

கேள்வி (குலசேகரம்): "கிஃப்ட் வேண்டாம், நீங்க வந்தா போதும்"னு கார்டு. கைய வீசிட்டு போனா நாலு பேரு என்ன சொல்லுவாங்கன்னு மாமியார் கவர்ல 500 வச்சு தராங்க அக்கா.

பதில்: வேண்டாம்னா வேண்டாம்தான் மக்ளே. மாமியாரையும் குத்தம் சொல்லாதீங்க, நம்ம பக்கம் கல்யாணத்துக்கு சுருள்னு மொய் வச்சு, யாரு எவ்வளவு வச்சாங்கன்னு நோட்டுல எழுதி, அவங்க வீட்டு விசேஷத்துல திருப்பி செஞ்சு பழகினவங்க அவங்க, வெறுங்கையோட நிக்க மனசு வராது. ஆனா அந்தக் கணக்கு பிள்ளைக்க பர்த்டேல வேண்டாம்னுதான் இவங்க சொல்றாங்க. நீங்க ஒரு கவர நீட்டுனா, கார்ட நம்பி சும்மா வந்தவங்க எல்லாரும் அங்க நின்னு சங்கடப்படணும். மாமியாருக்காக ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிட்டு போய் அடுக்களையில கொடுத்துருங்க, கிஃப்ட் டேபிள்ல வைக்காதீங்க.

கேள்வி (நாகர்கோவில்): ஒரு வயசு பிள்ளைக்கு பாட்டு பாடுற பொம்மை போன் வாங்கிட்டேன். இப்ப கார்ட பாத்தா பட்டன் பேட்டரி உள்ளது வேண்டவே வேண்டாம்னு இருக்கு. இதெல்லாம் பந்தா இல்லியா?

பதில்: பந்தா இல்ல தம்பி, அந்த ஒரு ரூலுக்காக அவங்கள கும்பிடணும். அந்த சின்ன வட்ட பேட்டரிய பிள்ள முழுங்கி அது உணவுக்குழாய்ல சிக்கிச்சுன்னா, ஈரம் பட்டு கரண்ட் ஓடி காரம் உண்டாகி, ரெண்டு மணி நேரத்துலயே சதைய வேகவச்சிரும், பொம்மை பாடுறத நிறுத்தின பழைய பேட்டரியும் இதை செய்யும். எங்கயாவது பிள்ள முழுங்கிருச்சோன்னு சந்தேகம் வந்தாலே பாத்திருப்போம்னு இருக்கக்கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும், வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. பில்ல எடுத்துட்டு போய் இன்னிக்கே மாத்துங்க. மாத்தும்போது பெட்டியில ஐஎஸ்ஐ முத்திரை இருக்கான்னு பாருங்க, 2021 ஜனவரி 1-ல இருந்து பிள்ளைங்க விளையாட்டு சாமானுக்கு அது கட்டாயம். மூணு வயசுக்கு கீழ கொடுக்கக்கூடாதுன்னு படம் போட்டிருந்தா அதையும் தொடாதீங்க. துணிப்பந்து, கெட்டி அட்டை புக், பெரிய மரக்கட்டை, ஒரு வயசுக்கு இது போதும்.

கேள்வி (தோவாளை): கார்டுலயே க்யூஆர் கோடு அக்கா! "பொண்ணுக்க செல்வமகள் கணக்குக்கு மட்டும்"னு. எவ்வளவு போட?

பதில்: பாக்க ஒரு மாதிரி இருந்தாலும் எனக்கு இது பிடிச்சிருக்கு. அது பொம்பளப் பிள்ளைங்க பேர்ல போடுற சேமிப்புக் கணக்கு, வருஷத்துக்கு 250 ரூவா போட்டாலே கணக்கு முடங்காம இருக்கும், 1.5 லட்சம் வரை போடலாம், பத்து பேரு 101 போட்டாலும் பிள்ளைக்கு சேரும். உங்களால ஆனத முந்தின நாளே போட்டுருங்க.

கேள்வி (திங்கள்சந்தை): நான் தாய்மாமன். தங்கம் யாரும் போடக்கூடாதாம், தங்கச்சி கார்டு போட்டிருக்கா. எனக்குமா அது?

பதில்: அண்ணே, தங்கச்சிட்ட நேரா கேளுங்க. அவ சரின்னா முந்தின நாள் வீட்ல வச்சு போடுங்க, மண்டபத்துல வேண்டாம், அங்க நீங்க போட்டா சித்தப்பாவும் போடணும். அவ வேண்டாம்னா விட்டுருங்க.

கேள்வி (களியக்காவிளை): நான் கார்டு போடுற ஆளு. நிஜமாவே வீட்ல விளையாட்டு சாமான் வைக்க இடமில்ல. மனசு நோகாம எப்படி எழுத?

பதில்: ஒரே ஒரு ரூல், அதுக்கு ஒரே ஒரு காரணம். அஞ்சு ரூல் போட்டா யாரா இருந்தாலும் கோவம் வரும். கம்பெனி பேரு, விலை, லிங்க் ஒண்ணும் கார்டுல வேண்டாம், கேக்கறவங்களுக்கு மட்டும் தனியா அனுப்புங்க. "கண்டிப்பாக", "மட்டும்"ங்கற வார்த்தைய எடுத்துருங்க. இப்படி எழுதுங்க: "வீட்ல விளையாட்டு சாமான் நிறைய இருக்கு, பிள்ளைங்கள கூட்டிட்டு வாங்க, அவனுக்கு அதுதான் சந்தோஷம்." இதையும் மீறி யாராவது பெட்டியோட வந்தா சிரிச்சிட்டு வாங்கி உள்ள வச்சிருங்க, வாசல்ல வச்சு திருப்பிக் கொடுக்காதீங்க.