ஹெராயின்: தங்கையிடம் தனியாகக் கேட்க வேண்டியவை

கேள்வி: என் தங்கையும் அவள் கணவரும் ஹெராயினுக்கு அடிமையாகிவிட்டார்கள். ‘அவன் கூடாநட்பில் கெட்டான், இவளுக்கு என்ன வந்தது?’ என்று உறவினர்கள் அவளைத்தான் கரித்துக்கொட்டுகிறார்கள். இருவரையும் சேர்த்தே சிகிச்சைக்கு அழைத்துப் போகலாமா? அவளுக்கு இரண்டு மாதமாக மாதவிலக்கும் வரவில்லை.
- வாசகி, திருச்சி

பதில்: ஒரே நாளில் அழைத்துப் போங்கள். ஆனால் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து விவரம் கேட்க விடாதீர்கள். கணவர் பக்கத்தில் இருந்தால் உங்கள் தங்கை பலவற்றை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

ஹெராயினுக்கு அடிமையான ஆண்களின் பின்னணியில் பாதியில் விட்ட பள்ளி, சிறுவயது அடிதடி, நண்பர் கூட்டம், போலீஸ் வழக்கு ஆகியவை அதிகம். பெண்களிடம் சிறுவயதுப் பாலியல் கொடுமையும் வீட்டு அடி உதையும் மனச்சோர்வும் கூடுதலாகத் தெரியவரும். முதல் பொட்டலத்தைக் கொடுத்தவர் பல சமயம் கணவரோ காதலரோதான். சிட்னியில் 2001-02ல் ஹெராயின் பழக்கமுள்ள 615 பேரைச் சேர்த்துத் தொடங்கிய ஆய்வில், தற்கொலைக்கு முயன்றிருந்தவர்கள் பெண்களில் 44 சதவீதம், ஆண்களில் 28.

ஆகவே ‘இவளுக்கு என்ன வந்தது?’ என்பதை நிஜமாகவே கேட்கும் கவுன்சலர் வேண்டும். யாராவது அடித்தார்களா, இப்போதும் அடி விழுகிறதா, சாகலாம் என்று தோன்றியதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கணவரிடமும் இதையெல்லாம் கேட்கட்டும். ஆண்களிடம் கேட்பவர் குறைவு, அதனாலேயே பலர் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள்.

மாதவிலக்கு நிற்பதற்கு ஹெராயினே காரணமாகலாம். அதை நம்பி இருந்துவிட்டுக் கர்ப்பத்தைத் தாமதமாக அறியும் பெண்கள் உண்டு. நாளைக் காலையே சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். கர்ப்பம் என்றால் ஹெராயினைத் திடீரென்று நிறுத்தவைக்காதீர்கள், குழந்தைக்கு ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையில், ஹெராயினுக்குப் பதிலாகத் தரும் மாற்று மருந்துகளான புப்ரினார்பின் அல்லது மெத்தடோனுக்கு மாற்றுவதுதான் பாதுகாப்பு.

புப்ரினார்பின் முதல் மாத்திரை பெரும்பாலும் 2 அல்லது 4 மில்லிகிராம். நாக்கின் அடியில் முழுதாகக் கரைய வேண்டும். விழுங்கினால் பலன் மிகக் குறைவு. கடைசியாக ஹெராயின் எடுத்து 12 மணி நேரமாவது கழிந்து, மூக்கொழுகல், கொட்டாவி, ரோமச் சிலிர்ப்பு தெரிந்த பிறகே போட வேண்டும். முந்தினால், உடம்பில் இருக்கும் ஹெராயினை இது தள்ளிவிட்டு வாந்தியும் வலியும் ஒரேயடியாகக் கிளம்பும். ‘மருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்று பலர் ஓடிப்போவது இந்த அவசரத்தால்தான். கடைசியாக எடுத்த நேரத்தை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

அருகிலுள்ள போதை மீட்பு மையத்தை அறிய 14446 என்ற உதவி எண்ணை அழையுங்கள்.