ரயில் போன வழியில சைக்கிள்: ஸ்பெயின் பத்தி வாசகர் கேள்விகள்

போன இதழ்ல ஸ்பெயின்ல பழைய ரயில் பாதைகளை எல்லாம் சைக்கிள் பாதையா மாத்தி வெச்சிருக்காங்கனு போற போக்குல ரெண்டு வரி எழுதியிருந்தேன், அதுக்கு இவ்ளோ கேள்வி வந்திருக்கு. ஒரே மாதிரி கேட்டதை எல்லாம் ஒண்ணா சேத்துட்டேன், பேர் போட வேணாம்னு நிறைய பேர் சொன்னதால யார் பேரும் போடல.

கேள்வி: எனக்கு வயசு 54. தினமும் சைக்கிள் ஓட்டுற ஆள் இல்ல. ஸ்பெயின்னாலே மலைதானே சார், பந்தயக்காரங்க நாக்கு தள்ள ஏறுறதை டிவில பாத்திருக்கேன். என்னால முடியுமா?

முடியும், தாராளமா. டிவில வர்ற ரோடு வேற, நான் சொல்ற பாதை வேற. ரயிலுக்கு செங்குத்தா ஏறத் தெரியாது, இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்துல வழுக்கும், அதனால அந்தக் காலத்து இன்ஜினியருங்க மலையைக் குடைஞ்சு டன்னல் போட்டு, பள்ளத்துல பாலம் கட்டி, ஏத்தத்தை நூறு மீட்டருக்கு ரெண்டு மூணு மீட்டருக்குள்ள அடக்கி வெச்சாங்க. அந்த லைன் நஷ்டத்துல மூடிப்போச்சு, தண்டவாளத்தைப் பிடுங்கிட்டாங்க, ஆனா சமப்படுத்தின தரை அப்படியே இருக்கு. 1993ல இருந்து இதையெல்லாம் ஒரு திட்டமா எடுத்து சரி பண்ணி, 'வியா வெர்தே'னு பேர் வெச்சு, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் திறந்து விட்டிருக்காங்க. நாடு முழுக்க இன்னிக்கு 3,000 கிலோமீட்டருக்கு மேல இருக்கு. ஆக உங்க கஷ்டத்துல முக்கால்வாசியை நூறு வருஷத்துக்கு முன்னாடியே எவனோ பட்டுட்டான்.

ஆனா ஒரு விஷயம். ரெண்டு சதவீத ஏத்தம் கண்ணுக்கே தெரியாது, கால் மட்டும் கண்டுபிடிச்சிடும். ரோட்ல ஏறினா அடுத்தது இறக்கம் வரும், மூச்சு விடலாம். இங்க இருபது கிலோமீட்டரும் ஒரே மாதிரி லேசா ஏறிக்கிட்டே இருக்கும், நமக்கு உடம்பு சரியில்லையோ, பிரேக் பிடிச்சிருக்கோனு சந்தேகம் வந்துடும். அதனால முதல்ல பாக்க வேண்டியது எத்தனை கிலோமீட்டர்ங்கிறது இல்ல, எந்தப் பக்கம் இறங்குதுங்கிறதுதான். மேல் முனைக்கு வேன்லயோ டாக்ஸிலயோ போயிட்டு கீழ இறங்கி வாங்க. அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல, பாதி பேர் அதைத்தான் பண்றாங்க.

கேள்வி: நிஜமாவே வண்டியே வராதா?

கார், பைக், லாரி வராது. குறுக்க ரோடு வெட்டுற இடம் இருக்கும், அங்க நின்னு பாத்துதான் போகணும். பக்கத்து தோட்டத்துக்காரங்க டிராக்டர் சில துண்டுல வரும், அதுவும் அறுவடை நேரத்துல கொஞ்சம் ஜாஸ்தியாவே வரும். மத்தபடி நடக்கிறவங்க, நாய் கூட்டிட்டு வர்றவங்க, எப்பவாவது குதிரை.

எல்லாரும் மறக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு. அந்தக் கால ஸ்டேஷன் நிறைய ஊருக்குள்ள இருக்காது. ஊர் மேட்டு மேல, ஸ்டேஷன் பள்ளத்துல, நடுவுல அஞ்சாறு கிலோமீட்டர் சாதாரண ரோடு. ரூம் ஊர்ல போட்டிருந்தா சாயங்காலம் களைச்சுப்போன நேரத்துல அந்த மேட்டை ஏறணும், அதுல கார் வரும். ரூம் போடுறதுக்கு முன்னாடி மேப்ல பாருங்க, ஊர் பேர்ல ஸ்டேஷன் இருக்குங்கிறதை நம்பி ஏமாறாதீங்க.

கேள்வி: எங்களுக்கு நாலு நாள்தான். திராட்சைத் தோட்டமும் வேணும், மலையும் வேணும், ஒரே ஒரு பாதை சொல்லுங்க.

தெர்ரா ஆல்தா. யோசிக்கவே வேணாம்.

பார்சிலோனா இருக்கிற கத்தலோனியா மாகாணத்தோட தெக்குக் கோடியில இருக்கு இது. வால் தெ சஃபான்னு ஒரு ரயில், உள்நாட்டு அரகோன் மாகாணத்துல இருந்து கடலுக்குப் போகணும்னு ஆரம்பிச்சது, இழுத்து இழுத்து தொர்தோசாங்கிற ஊர் வரைக்கும் வந்துச்சு, கடலை மட்டும் கடைசி வரைக்கும் தொடவே இல்ல, 1973ல மூடிட்டாங்க. அந்தப் பாதையில ஆர்னெஸ் பக்கத்துல ஏறி தொர்தோசா வரைக்கும் வந்தா ஏறக்குறைய 50 கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கம். நல்லா ஓட்டுறவங்க ஒரே நாள்ல முடிச்சிடுவாங்க. தயவு செஞ்சு நீங்க அப்படி பண்ணாதீங்க, மூணு நாளா பிரிச்சுக்கோங்க, அங்க ஓட்டுறதை விட நிக்கிறதுக்குத்தான் விஷயம் ஜாஸ்தி.

மேல் பாதியில ஒரு பக்கம் எல்ஸ் போர்த்ஸ் மலை, சுண்ணாம்புப் பாறை, உச்சி 1,400 மீட்டருக்கு மேல, இன்னொரு பக்கம் திராட்சை, பாதாம், ஆலிவ்னு மாறி மாறி வரும். இங்க முக்கியமான திராட்சை வெள்ளை கார்னாச்சா. ஒயினுக்குப் பேர் போன ரியோஹா பகுதி மாதிரி பெரிய பேர் கிடையாது, அதனாலயே கூட்டமும் கிடையாது. முதல்ல ஓர்தா தெ சான் ஜுவான்னு ஒரு ஊர், குன்று மேல வீடுகளை அடுக்கி வெச்ச மாதிரி இருக்கும், பிக்காசோ சின்ன வயசுல 1898ல உடம்பு சரியில்லாம வந்து தேறினது இங்கதான், திரும்ப 1909ல வந்து இதே வீடுகளை கட்டம் கட்டமா வரைஞ்சாரு, க்யூபிசம்னு பின்னாடி சொன்னாங்களே அந்த ஆரம்ப கால படங்கள்ல இந்த ஊர் இருக்கு. அந்த ஊரை ஒரு தடவை தூரத்துல இருந்து பாத்துட்டா அவர் ஏன் அப்படி வரைஞ்சாருனு யாரும் விளக்க வேண்டியதில்ல. ஊர் பாதையை விட்டுத் தள்ளி மேட்டுல இருக்கு, ஏறித்தான் ஆகணும், ஏறலாம்.

அடுத்தது போத். இது பாதையை ஒட்டியே இருக்கிற ஊர், முதல் ராத்திரி தங்க வசதி. அதைத் தாண்டினதும் தோட்டம் எல்லாம் முடிஞ்சு, பாதை பள்ளத்தாக்குக்குள்ள நுழைஞ்சிடும், டன்னல் மேல டன்னலா வரும், நடு நடுவுல பாலம், கீழ ஆறு. ஃபோன்கால்தானு ஒரு பழைய கோயிலும் வெந்நீர் ஊத்தும் கீழ இருக்கு. வெந்நீர்னா கொதிக்காது, வெதுவெதுப்பா இருக்கும், காலை நீட்டிட்டு உக்காந்தா எழுந்திரிக்க மனசு வராது. ஆனா அங்க இறங்குற வழி செங்குத்து, திரும்ப ஏறும்போது என்னைத் திட்டாதீங்க.

அப்புறம் எப்ரோ ஆறு வந்துடும், சீனே மாறிடும், ஆரஞ்சுத் தோட்டம், அகலமான தண்ணி, சேர்தா பக்கத்துல ஆத்துக்குக் குறுக்க ஒரு பழைய அணை, தொர்தோசா. நேரம் மிச்சம் இருந்தா ஒரு நாள் காந்தேசாவுக்கும் பினெல் தெ பிராய்க்கும் ஒதுக்குங்க. ரெண்டு ஊர்லயும் விவசாயிங்க கூட்டுறவுச் சங்கம் கட்டின ஒயின் கூடம் இருக்கு, செசார் மார்த்தினெல்ங்கிறவர் 1920 வாக்குல செங்கல் வளைவு வளைவா கட்டினது, பார்சிலோனாவோட பெரிய கட்டடக் கலைஞர் கௌடிகிட்ட படிச்சவர், உள்ள போனா சர்ச் மாதிரி இருக்கும். இதே மண்ணுலதான் 1938 ஜூலைல இருந்து நவம்பர் வரைக்கும் எப்ரோ சண்டை நடந்துச்சு, ஸ்பெயின் உள்நாட்டுப் போர்லயே பெரிய சண்டை. காந்தேசா பக்கத்துல கோர்பேரானு ஒரு ஊரோட பழைய பகுதியை இடிஞ்சது இடிஞ்சபடியே விட்டு வெச்சிருக்காங்க. அங்கயும் போயிட்டு வாங்க, செல்ஃபி மட்டும் வேணாம்.

கேள்வி: ஒயின்னா ரியோஹாதானே? அதை விட்டுட்டு பேர் தெரியாத ஊரை சொல்றீங்களே!

கோவப்படாதீங்க. ரியோஹாவுலயும் ஒண்ணு இருக்கு, காசலர்ரெய்னால இருந்து எஸ்கராய் வரைக்கும் 28 கிலோமீட்டர் சுமார், ஓஹா ஆத்தை ஒட்டி. 1916ல இருந்து 1964 வரைக்கும் ஓடின குட்டி ரயிலோட பாதை. ஒயினுக்குப் பேர் போன ஆரோ ஊர் பக்கத்துலயே இருக்கு, முடியற இடம் தெமாந்தா மலை அடிவாரம், நடுவுல சாந்தோ தொமிங்கோ தெ லா கல்சாதானு ஒரு ஊர், அங்க கத்தீட்ரல் உள்ள உயிரோட ஒரு சேவலும் கோழியும் கூண்டுல வளக்கிறாங்க, பழைய அற்புதக் கதை ஒண்ணுக்காக. நல்ல பாதைதான். ஆனா திராட்சை கீழ்ப்பக்கம் கொஞ்ச தூரம்தான், அப்புறம் கோதுமையும் உருளைக்கிழங்கும்தான் பாப்பீங்க. அதுவும் எஸ்கராய் பக்கம் போகப் போக ஏத்தம், அதனால மேல இருந்து கீழ வந்து ஆரோவுல ஒயினோட முடிங்க.

கேள்வி: டன்னல்னா என் மனைவிக்கு பயம். லைட் இருக்குமா?

நீளமான டன்னல்ல பெரும்பாலும் லைட் போட்டிருப்பாங்க, ஆள் வந்தா தானா எரியற மாதிரி. எரியணும்ங்கிறதுதான் ஏற்பாடு, எரியும்னு நான் கேரண்டி தர மாட்டேன். ஹேண்டில்பார்ல நல்ல லைட் ஒண்ணு ஆளுக்கு ஒண்ணா கட்டாயம், போன் டார்ச் எல்லாம் ஆகாது. கூலிங் கிளாஸை வெளியவே கழட்டிடுங்க, வெயில்ல இருந்து நேரா உள்ள போனா ரெண்டு மூணு செகண்ட் கண்ணே தெரியாது, விழுறவங்க எல்லாம் அங்கதான் விழுறாங்க. உள்ள கோடையிலயும் ஜில்லுனு இருக்கும், தண்ணி சொட்டும். சில டன்னல்ல வௌவால் இருக்கும், அது அது பாட்டுக்கு இருக்கும். வீட்டம்மாவை முன்னாடி போகச் சொல்லாதீங்க, பின்னாடியும் விடாதீங்க, பக்கத்துல போங்க, பாதையில அதுக்கு இடம் இருக்கு.

கேள்வி: ரெண்டு பசங்க, 9 வயசும் 12 வயசும். அவங்களுக்கு திராட்சை போர் அடிக்கும்.

அப்ப தெக்க ஆண்டலூசியா போங்க. ஒல்வேரால இருந்து புவேர்த்தோ செர்ரானோ வரைக்கும் 36 கிலோமீட்டர், 30 டன்னல், 4 பெரிய பாலம். 1920கள்ல இவ்ளோத்தையும் கட்டிட்டு ஒரு ரயில் கூட ஓடல, காசு தீந்துச்சு, போர் வந்துச்சு, அப்படியே விட்டுட்டாங்க. நடுவுல சஃப்ராமகோன் பாறையில பெரிய பெரிய பிணந்தின்னிக் கழுகு கூட்டமா இருக்கு, தலைக்கு மேல வட்டம் போடும், பசங்க போனைக் கீழ வெச்சுடுவாங்க. ஒரே நாள்ல முடிக்கணும்னு விரட்டாதீங்க. 16 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு ஊருக்குள்ளயும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். பெரியவங்களுக்கு ஊருக்கு வெளிய ரோட்ல கட்டாயம், பாதையிலயும் போட்டுக்கோங்க.

கேள்வி: எந்த மாசம்?

ஏப்ரல் கடைசியில இருந்து ஜூன் பாதி வரைக்கும், இல்லன்னா செப்டம்பர், அக்டோபர். செப்டம்பர்ல திராட்சை அறுவடை, ஊரே பரபரனு இருக்கும், காத்துல புளிச்ச வாசம் வரும், எனக்கு அதுதான் பிடிச்ச மாசம். ஜூலை, ஆகஸ்ட் வேணாம், உள்நாட்டுல 35 டிகிரி தாண்டுறது சர்வ சாதாரணம், தோட்டத்துக்கு நடுவுல நிழலே கிடையாது. எப்ரோ பள்ளத்தாக்குல வடமேற்குல இருந்து பலமா ஒரு காத்து அடிக்கும், தொர்தோசா பக்கம் இறங்கினா அது முதுகுல தள்ளும், எதிர்ப்பக்கம் போனா அழ வெச்சிடும். கீழ இறங்கி வாங்கனு சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: சொந்த சைக்கிளைக் கொண்டு போகலாமா? ட்ரெயின்ல ஏத்துவாங்களா?

லோக்கல், ரீஜனல் ட்ரெயின்ல அப்படியே உருட்டிட்டு ஏறலாம், இடம் இருந்தா. அதிவேக ட்ரெயின்ல முழு சைக்கிளை அப்படியே ஏத்த விட மாட்டாங்க, மடிச்சோ பிரிச்சோ பையில போட்டாத்தான். பார்சிலோனால இருந்து தொர்தோசாவுக்கு ரீஜனல் ட்ரெயின் இருக்கு. நாலு நாளுக்கு வாடகை சைக்கிளே உத்தமம், மேல் முனைக்கு வேன்ல கொண்டு விடுற ஆளுங்களே சைக்கிளும் தர்றாங்க. தரை பெரும்பாலும் இறுகின மண்ணும் பொடி ஜல்லியும், அதனால ரேஸ் சைக்கிளோட மெல்லிசு டயர் வேணாம், 40 மில்லிமீட்டர் இருந்தா நிம்மதி. முள்ளு இருக்கும், ஸ்பேர் ட்யூப் ரெண்டு வெச்சுக்கோங்க.

கேள்வி: நான் சைவம். பட்டினியா?

இல்ல. தக்காளி தேய்ச்ச ரொட்டி, சுட்ட கத்திரிக்காயும் குடமிளகாயும், முட்டை சாப்பிடுவீங்கன்னா உருளைக்கிழங்கு ஆம்லெட், எல்லா ஊர்லயும் கிடைக்கும். சைவம்னு மட்டும் சொல்லி விடாதீங்க, மீனும் ஹாமும் (பன்னிக்கறி) வேணாம்னு தனித்தனியா சொல்லுங்க. பிரச்சனை நேரம்தான். மதிய சாப்பாடு ஒண்ணரைக்கு மேல, ராத்திரி எட்டரை ஒன்பதுக்கு மேல, நடுவுல கடை எல்லாம் ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் சாத்திடுவாங்க, ஞாயித்துக்கிழமை திறக்கிறதே சந்தேகம். காலைலயே ரொட்டி, பழம், பாதாம் வாங்கி பையில போட்டுடுங்க. குழாய்ல 'நோ பொட்டாப்ளே'னு எழுதியிருந்தா அது குடிக்கிற தண்ணி இல்ல.

கேள்வி: தோட்டத்துல ஒயின் டேஸ்ட் பண்ணிட்டு சைக்கிள் ஓட்டினா போலீஸ் பிடிக்குமா?

பிடிக்கும். கார்காரங்களுக்கு இருக்கிற அளவுதான் சைக்கிளுக்கும், ஒரு லிட்டர் ரத்தத்துல அரை கிராம், மீறினா ஃபைன் 500 யூரோல ஆரம்பிக்கும். டேஸ்டிங்கை சாயங்காலம் ரூம் இருக்கிற ஊர்ல வெச்சுக்கோங்க, முன்னாடியே மெயில் போட்டுட்டுப் போங்க, திடீர்னு போய் நின்னா சின்ன தோட்டத்துல ஆளே இருக்க மாட்டாங்க. அப்புறம் பாட்டிலை சைக்கிள் கேரியர்ல வெச்சு எடுத்துட்டு வரலாமானு இன்னொருத்தர் கேட்டிருக்காரு. ஜல்லி ரோட்ல வேணாங்க, கொண்டு விடுற வேன்ல குடுத்து அனுப்புங்க.