ரோட் மேப்புக்கு 2 மார்க்: ஒரு ட்ரெய்னிங் மிஸ்ஸோட பதில்

கேள்வி: பி.எட். ட்ரெய்னிங் போன இங்கிலீஷ் டீச்சர்ஸ் யாராச்சும் இருக்கீங்களா? ஸ்கூல், பரீட்சை, பசங்களோட ஆர்வம் இதையெல்லாம் பத்தி போறதுக்கு முன்னாடி என்ன நினைச்சீங்க, போனப்புறம் என்ன நினைக்கிறீங்க?

நான் இருக்கேன். பரீட்சை எழுதியாச்சு, ரிசல்ட் இன்னும் வரல. செகண்ட் இயர்ல 16 வாரம் ஸ்கூலுக்குப் போகணும், எங்க சித்தி காலத்துல பி.எட். ஒரே வருஷம், 40 நாள் போனா போதுமாம், அதச் சொல்லி சொல்லியே சிரிப்பாங்க. எனக்குக் கெடச்சது திண்டுக்கல் பக்கம் ஒரு கவர்மென்ட் ஹை ஸ்கூல். போன அன்னிக்கே எச்.எம். மேடம் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், "எட்டாவது, ஒன்பதாவது எடுத்துக்கோங்கம்மா, டென்த்த மட்டும் தொட்டுடாதீங்க."

காலேஜ்ல மைக்ரோ டீச்சிங்னு ஒண்ணு உண்டு. கூடப் படிக்கிற பொண்ணுங்களே பசங்க மாதிரி உக்காந்துப்பாங்க, ஆறு நிமிஷம் நாம பாடம் எடுக்கணும், கேள்வி கேட்டா டக் டக்னு கை தூக்குவாங்க, அடுத்து அவங்க டர்ன் வரும்போது நாம தூக்கணுமே, அதனால. அத நம்பிட்டு நான் ஒன்பதாவதுக்குள்ள போனேன். சார்ட், ஃப்ளாஷ் கார்டு, ஒரு கேம் எல்லாம் ரெடி. நாலு குரூப்பா பிரிச்சு விட்டேன், குரூப் பிரிக்கவே பன்னெண்டு நிமிஷம் போச்சு, ஒரு பொண்ணு மத்தவளோட உக்கார மாட்டேன்னு அழுதுச்சு, மிச்ச நேரத்துல ஒவ்வொரு குரூப்லயும் நல்லா படிக்கிற ஒருத்தி எழுதுனா, மத்ததுங்க சார்ட் ஓரத்துல பூ வரைஞ்சுட்டு இருந்துச்சு. பெல் அடிச்சுது. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அடுத்த பீரியட் என் கைடு டீச்சர், அதாவது அந்த ஸ்கூல்ல எனக்கு வழிகாட்டற இங்கிலீஷ் டீச்சர், கிளாஸ் எடுத்தாங்க, நான் கடைசி பெஞ்ச்ல உக்காந்து அப்சர்வேஷன் ரெக்கார்டு எழுதிட்டு இருந்தேன். ஊசி போட்டா சத்தம் கேக்கும், அவ்ளோ அமைதி. போர்டுல இருக்கறத எல்லாரும் எழுதறாங்க. "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது மிஸ்ஸ்ஸ்." நானும் ரெக்கார்டுல 'மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்'னு எழுதிட்டேன். பக்கத்துல இருந்த பையன் நோட்ட எட்டிப் பாத்தா, போர்டுல கடைசி வார்த்தை பாதி அழிஞ்சிருந்துச்சு, அவனும் பாதி வார்த்தையோடயே எழுதி அடிக்கோடு போட்டு வச்சிருக்கான்.

இத வச்சு அந்த டீச்சர நான் தப்பா எடை போட்டுட்டேன். மனப்பாடம் பண்ண வச்சே பசங்கள கெடுக்கறாங்கன்னு ஹாஸ்டல்ல போய் பேசுனேன். அப்புறம் ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது அவங்களே ஒரு பேப்பர எடுத்துக் கணக்குப் போட்டுக் காமிச்சாங்க. பத்தாவது இங்கிலீஷ் 2019-20-லருந்து ஒரே பேப்பர், 100 மார்க், பாஸுக்கு 35. மெமரி பொயம், அதாவது மனப்பாடப் பாட்டு 5. விளம்பரம், லெட்டர், படம் பாத்து எழுதறது, தப்பத் திருத்தறதுன்னு வர்ற பகுதியில நாலு எழுதுனா 20. கதைய வரிசைப்படுத்துனா 5. ரோட் மேப் 2. ஆச்சா 32. ஒன் வேர்டு, அதாவது ஒரு மார்க் கேள்வி 14 இருக்கு, அதுல மூணு சரியா அடிச்சா பாஸ். "எட்டாவது வரைக்கும் ஃபெயில் போடறது இல்ல, ஒன்பதாவதுல ஏபிசிடி தடுமாறிட்டு வர்ற பிள்ளைய நான் என்ன பண்ணட்டும் சொல்லுங்க மிஸ்? இவன் பாஸானா ஐ.டி.ஐ. போவான், இல்லன்னா மில்லுக்குப் போயிடுவான்." அவங்க கிட்ட மெல்லக் கற்போருக்குன்னு தனியா ஒரு மினிமம் மெட்டீரியல் இருக்கு, அவங்க கைக்காசுல ஜெராக்ஸ் எடுத்தது. அதுக்கப்புறம் நான் ஹாஸ்டல்ல வாயத் தொறக்கல.

ஆனா அந்தக் கணக்குலயே எனக்கு ஒண்ணு உறுத்துச்சு. 100 மார்க்குல ஒரு மார்க்குக்குக் கூட பையன் வாயத் தொறக்கத் தேவையில்ல. சயின்ஸுக்கு 25 மார்க் பிராக்டிகல் இருக்கு, தியரி 75-தான். ஒரு மொழிக்கு பிராக்டிகல்னா பேசறதும் கேக்கறதும்தானே? புக்ல ஒவ்வொரு யூனிட்லயும் லிசனிங், ஸ்பீக்கிங் பகுதி இருக்கு, க்யூஆர் கோடு எல்லாம் போட்டு அழகா இருக்கு, அந்தப் பக்கம் வந்தா கிளாஸ்ல எல்லாரும் ஒண்ணா தள்ளிட்டு அடுத்த பக்கம் போவோம். பரீட்சை எந்தப் பக்கம் போகுதோ கிளாஸும் அந்தப் பக்கம் போகும், இதுக்கு எங்க சிலபஸ்ல வாஷ்பேக்னு ஒரு பேரு கூட உண்டு. எங்க நிலைமையும் அதேதான்: நாளைக்கு நான் இங்கிலீஷ் டீச்சராகணும்னா டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வுல ரெண்டாம் தாள் எழுதணும், 150 கேள்வி, அதுல இங்கிலீஷ் 30, சோசியல் 60. எல்லாமே நாலுல ஒண்ணு தேர்ந்தெடுக்கறது. இப்ப நான் வீட்டுல உக்காந்து முகலாயர் வரிசை மனப்பாடம் பண்ணிட்டு இருக்கேன். பசங்கள சொல்லி என்ன பிரயோஜனம்.

சரி, ஆர்வத்துக்கு வர்றேன். ரோட் மேப் கேள்வி தெரியாதவங்களுக்கு: ஒரு குட்டி மேப் குடுத்து, பேங்குக்கு எப்படிப் போகணும்னு வழி எழுதச் சொல்லுவாங்க. ஒன்பதாவதுக்கும் அதே மாடல் பேப்பர்தான், அதனால எங்க டீச்சர் அவங்களுக்கும் நாலு வரி மனப்பாடம் பண்ண வச்சிருந்தாங்க, 'கோ ஸ்ட்ரெயிட், டேர்ன் லெஃப்ட், வாக் பாஸ்ட் த டெம்பிள், இட் ஈஸ் ஆன் யுவர் ரைட்' இந்த மாதிரி. எந்த மேப் வந்தாலும் இதையே மாத்தி மாத்திப் போடு, 2 மார்க் நிச்சயம்.

ஒரு வெள்ளிக்கிழமை கடைசி பீரியட், மழை வேற, பி.இ.டி. பீரியட, அதான் விளையாட்டு பீரியட, என் தலையில கட்டிட்டாங்க, பசங்க செம கடுப்புல இருந்தாங்க. லெசன் ப்ளான் எதுவும் இல்ல. சும்மா கேட்டேன், எனக்கு இந்த ஊரே தெரியாது, பஸ் ஸ்டாப்புலருந்து உங்க வீட்டுக்கு எப்படி வர்றது, இங்கிலீஷ்ல சொல்லு, நான் போர்டுல சாக்பீஸால நடந்து வர்றேன், நீ சொல்ற மாதிரிதான் போவேன், தப்பா சொன்னா கிணத்துல விழுவேன். முதல்ல ரெண்டு டாப்பர் பொண்ணுங்க சொல்லுச்சு, அப்புறம் திடீர்னு மூணு மாசமா என்கிட்ட ஒரு வார்த்தை பேசாத பையன் எந்திரிச்சான். மாடு மேய்ச்சுட்டு வந்து லேட்டா உக்கார்றவன். "மிஸ், கோ ஸ்ட்ரெயிட். வாக் பாஸ்ட் த டாஸ்மாக்." கிளாஸே சிரிச்சு உருளுது. அவன் விடல. "டேர்ன் லெஃப்ட். ஒன் டாக் இஸ் தேர். டோன்ட் ரன். அது ஓடுனாதான் மிஸ் கடிக்கும்." நான் சாக்பீஸ வேகமா இழுத்தேன், உடனே நாப்பது பேரும் கத்துறாங்க, "மிஸ் டோன்ட் ரன், டோன்ட் ரன்!"

இதுல எனக்கு ஆச்சரியம் என்னன்னா, அவன் பேசுனதுல முக்காவாசி அந்த டீச்சர் உருப்போட வச்ச வரிதான். நான் திட்டிட்டு இருந்த அதே மனப்பாடம். அந்த நாய் மட்டும்தான் அவனோடது. அதாவது சரக்கு உள்ள இருந்திருக்கு, கேக்கறதுக்கு ஆள் இல்லாம இருந்திருக்கு. டீச்சர் வாசல்ல நின்னு பாத்துட்டு, சத்தம் அதிகம்னு சொல்லுவாங்கன்னு நினைச்சேன், "அவனா பேசுனது?"ன்னு மட்டும் கேட்டாங்க.

அப்புறம் அச்சீவ்மென்ட் டெஸ்ட். எங்க ரெக்கார்டுக்கு நாமளே ஒரு கொஸ்டின் பேப்பர் செட் பண்ணி, எதுக்கு எவ்ளோ மார்க்னு ப்ளூ பிரிண்ட் போட்டு, பசங்களுக்கு வச்சு, சராசரி, மீடியன் எல்லாம் கண்டுபிடிச்சு கிராஃப் வரையணும். நான் 25 மார்க்குக்கு வச்சேன். அந்தப் பையன் 4. என் பேப்பர்லதான், வேற யாரும் வைக்கல. வீட்டுக்கு வழி சொல்றவனுக்கு ஸ்பெல்லிங் வரல, 'ஸ்ட்ரெயிட்'ட எட்டு விதமா எழுதலாம்னு அன்னிக்குத்தான் எனக்கே தெரியும். ஸ்பீக்கிங்குக்கு 5 மார்க் வச்சிருக்கலாம்ல, யாரும் தடுத்திருக்க மாட்டாங்க, எனக்கே தோணல பாருங்க. நான் பன்னெண்டு வருஷம் எழுதுன பேப்பர் எப்படி இருந்துச்சோ அப்படியே ஒண்ணு தயார் பண்ணியிருக்கேன். கிராஃப் மட்டும் கலர் பென்சில்ல அருமையா வந்துச்சு. வைவாவுல வெளியிலருந்து வந்த எக்ஸாமினர் மேடம் அதப் பாத்து "நீட்டா இருக்கு"ன்னு சொன்னாங்க.

கேம் வைக்கலாமா, ஸ்மார்ட் போர்டு வேணுமான்னு கமென்ட்ல கேப்பீங்க. வைங்க, ஒண்ணும் தப்பில்ல, ஆனா நான் பாத்த வரைக்கும் பசங்களுக்குப் பதில் தெரிஞ்சு, டீச்சருக்கு நெஜமாவே தெரியாம இருக்கற கேள்வி தினம் ஒண்ணாச்சும் கேட்டா போதும், அஞ்சு நிமிஷம் வேற எதுவும் தேவைப்படல.

கடைசி வாரம் அவங்க ஊர்ல மாரியம்மன் திருவிழா. அதே பையன் வந்து கூப்பிட்டான், வழி இங்கிலீஷ்லயே சொன்னான், நானும் கையில எழுதிட்டு ஞாயித்துக்கிழமை பஸ் ஏறிப் போனேன். டாஸ்மாக் வந்துச்சு, லெஃப்ட் எடுத்தேன், நடக்கறேன் நடக்கறேன் வீடும் இல்ல நாயும் இல்ல, கரும்புத் தோட்டம்தான் இருக்கு. அரை மணி நேரம் வெயில்ல சுத்திட்டு திரும்ப டாஸ்மாக் முக்குக்கே வந்து நிக்கறேன், ஞாயித்துக்கிழமை மத்தியானம், அங்க ஒரு டீச்சர் நிக்கற அழக நினைச்சுப் பாருங்க. எதுத்த சந்துலருந்து சட்டையில்லாம ஓடி வர்றான், தூரத்துலருந்தே கைய ஆட்டிக் கத்திக்கிட்டு, "மிஸ், சாரி மிஸ், நாட் லெஃப்ட், ரைட்டு, டேர்ன் ரைட்டு!"