நுண்ணோக்கியில் 10 மடங்கு லென்சிலிருந்து 40-க்குத் திருப்பினாலும் ஃபோகஸ் கலையாமல் இருப்பது எப்படி?

ஸ்லைடுக்கு மேலே சுழலும் தட்டில் மாட்டியிருக்கும் நான்கு லென்சுகளையும் கழற்றி மேசையில் வரிசையாக நிறுத்திப் பாருங்கள், பாதி விடை கிடைத்துவிடும். 4 மடங்கு லென்சு குட்டை. 100 மடங்கு நெட்டை. அந்த உயர வித்தியாசம்தான் விஷயமே.

4 மடங்கு லென்சுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டும். 40-க்கு அரை மில்லிமீட்டர் சொச்சம்தான். ஒவ்வொன்றுக்கும் இந்த இடைவெளி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு லென்சின் குழலை நீளமாகச் செய்துவிடுகிறார்கள். இரண்டையும் கூட்டினால், அதாவது லென்சு மேலே உட்காரும் விளிம்பிலிருந்து பார்க்கும் பொருள் வரை அளந்தால், எல்லாவற்றுக்கும் ஒரே தூரம் வரும். இன்றைய கல்லூரி நுண்ணோக்கிகள் பலவற்றில் அது 45 மில்லிமீட்டர். எல்லா லென்சும் பிம்பத்தை மேலே ஒரே இடத்தில் விழவைப்பதால் ஐபீஸையும் (கண் வைத்துப் பார்க்கும் மேல் லென்சு) தொட வேண்டியதில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, ஒரு ஸ்லைடை உடைத்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆய்வகத்தில் இருந்த பழைய நுண்ணோக்கியில் 40 மடங்கு லென்சு பூஞ்சை பிடித்துப்போக, புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். மரை கச்சிதமாகப் பொருந்தியது. 10-இல் வெங்காயத் தோலைத் தெளிவாக வைத்துக்கொண்டு 40-க்குத் திருப்பினேன். நறுக்! பழைய லென்சுகள் 37 மில்லிமீட்டர் கணக்கில் செய்தவை, நான் வாங்கியது 45. லண்டன் நுண்ணோக்கிச் சங்கம் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த மரையைப் பலரும் பின்பற்றியதால் எது வேண்டுமானாலும் எதிலும் ஏறிவிடும். ஏறிவிட்டது என்பதற்காக நம்பக் கூடாது.

சரி, எல்லாம் பொருந்தியிருந்தும் 40-இல் லேசாக மங்குகிறதே என்றால், அது பழுதில்லை. 10 மடங்கில் ஏறத்தாழ 9 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆழம் வரை தெளிவாகத் தெரியும். 40-இல் 1, 2 மைக்ரான்தான். அந்த 9-க்குள் நீங்கள் எங்கே நின்றிருந்தீர்கள் என்பது லென்சுக்குத் தெரியாது. நுண் திருகை அரைச் சுற்றுக்குள் திருப்பினால் வந்துவிடும். அப்படியும் வரவே இல்லையா? ஸ்லைடைத் தலைகீழாக வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். மாணவர்களிடம் நான் அதிகம் பார்த்த தப்பு இதுதான். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடியைத் தாண்டி, அரை மில்லிமீட்டர் இடைவெளியில் பார்க்கும் லென்சு எட்டாது.

அப்புறம், 40-இல் தெளிவாக இருந்து 4-க்கு வந்ததும் மங்கினால் ஐபீஸைச் சந்தேகப்படுங்கள். பொருள் பக்கம் இருப்பதற்கு நேர்மாறாக, ஐபீஸ் பக்கம் 4 மடங்கில்தான் ஃபோகஸ் ஆழம் குறைவு. அதனால் ஐபீஸில் உள்ள சிறு பிசகு 40-இல் மறைந்து 4-இல் காட்டிக்கொடுத்துவிடும். 40-இல் திருகை வைத்துத் தெளிவாக்குங்கள். பிறகு 4-க்கு வந்து, திருகைத் தொடாமல், ஐபீஸ் வளையத்தை மட்டும் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகத் திருப்பிச் சரிசெய்யுங்கள்.